இடது பிரேக்

மூன்றாவது அடிக்கும் பிரேக் டிரம் அசையவில்லை. மத்தியாஸ் மரக்கட்டையை விளிம்பில் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபடி சுத்தியலை ஓங்கினார்.

"உடையப் போகுது" என்றாள் டொரதி வாசலிலிருந்து.

"உடையாது. இது அந்தக் காலத்து இரும்பு."

"நான் உங்க கையச் சொன்னேன்."

ஐந்தாவது அடிக்கு இரும்பு முனகியது. துருப்பொடி உதிர்ந்தது. மத்தியாஸ் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். அது திடீரென்று மனம் மாறியதுபோல் கழன்று அவர் நெஞ்சோடு வந்தது. அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். டொரதி சிரிக்கவில்லை. அவர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, மடியில் கிடந்த முருங்கைக் கீரையை மறுபடி உருவத் தொடங்கினாள்.

வீடு கண்டி மலையில், கலஹாவுக்கு மேலே, தேயிலை முடியும் விளிம்பில் இருந்தது. முற்றத்தில் நின்ற சிவப்பு மெஸி டிரக்டர் மத்தியாஸை விட இரண்டு வயது மூத்தது. பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அச்சுக்கடியில் மரக்கட்டைகளை அடுக்கி, முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தார். பார்க்க, முழங்காலிட்டு ஜெபம் செய்கிற ஆள் மாதிரி இருந்தது.

டிரம்முக்கு உள்ளே பிறை வடிவில் இரண்டு இரும்புத் துண்டுகள் உண்டு. சூ என்பார்கள். அவற்றின் முதுகில் லைனர் என்கிற உராய்வுப் பட்டை அறைந்திருக்கும். பெடலை மிதித்தால் இரண்டு பிறையும் விரிந்து டிரம்மின் உட்சுவரைக் கவ்வும். கவ்வ வேண்டுமானால் லைனர் காய்ந்து கிடக்க வேண்டும். மத்தியாஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். கரியும் கியர் எண்ணெயும் குழைந்து பிசினாக வந்தது. மூக்கில் வைத்தார். அழுகிய முட்டை நாற்றம். அச்சின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ.

"எத்தன நாளாகும்?" என்றாள்.

"வெள்ளிக்கெழம முடிஞ்சிரும்."

"எந்த வெள்ளிக்கெழம?"

அன்று திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கீழே ரோட்டோரத்துக் கோயிலில் மாதா திருநாள். டொரதி எட்டு மாதமாக அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. முப்பது வருடம் அங்கே பூசைக்குப் பாட்டெடுத்தவள் அவள்தான். முழங்கால்கள் வீங்கிய பிறகு நூற்றெண்பது படி இறங்க முடியவில்லை. வண்டிப்பாதை போன வருடக் கடைசி மழையில் அரிபட்டுப் போனதால் த்ரீவீல்காரர்கள் மேலே வருவதில்லை. ஒரே ஒரு தரம், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தபோது, தோட்டத்து லயத்துப் பையன்கள் நாலு பேர் அவளைக் கதிரையோடு தூக்கிப் போனார்கள். திரும்பி வந்ததும் சொல்லிவிட்டாள்: "நாலு பேரு தூக்கிட்டுப் போறதெல்லாம் இனி ஒரு தரந்தான். அன்னைக்கு நான் கண்ணு முழிச்சிருக்க மாட்டேன்."

இப்போது திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் நடந்துகொண்டிருந்தது. மாலை ஐந்தரைக்குக் கீழேயிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு ஏறி வரும். கிருஷாந்தி டீச்சர் எடுப்பார். நல்ல குரல்தான், ஆனால் முதல் வரியையே உச்சத்தில் தொடங்கிவிடுவார். மூன்றாவது வரியில் மேலே போக இடமில்லாமல் கூட்டம் முழுவதும் திணறும். அப்போது டொரதி வாசலில் உட்கார்ந்தபடி, யாருக்கும் கேட்காது என்று தெரிந்தும், சுருதியை இறக்கித் தனியாகப் பாடுவாள்.

மத்தியாஸ் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருப்பார். மூன்றாம் நாள், முந்தின ஞாயிறு மாலைதான் வெளியே வந்து, "டெக்டர்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

டொரதி அவரைப் பார்த்த பார்வையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தது.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. தோட்டத்து டிரக்டரில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி ஒரு வருடம். இதே மெஸி. மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றி ஃபெக்டரிக்கு இறக்குவது வேலை. டொரதி தெல்தெனியப் பக்கத்திலிருந்து வந்து பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் நாற்பது குழந்தைகளைப் பாடியே தூங்க வைப்பாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. ஒருநாள் பால்மா டின்னோடு மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவளை, மட்கார்டில் உட்காரச் சொல்லி மத்தியாஸ் கூட்டிக்கொண்டு இறங்கினார். "பிரேக் புடிக்குமா?" என்று கேட்டாள். "புடிக்கும்" என்றார். ஃபெக்டரி வளைவில் பிடிக்கவில்லை. அவர் வண்டியை மண்சுவரில் சாய்த்து நிறுத்தினார். டொரதி தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தாள். இரண்டு கையிலும் கீறல். முகமெல்லாம் பால்மா.

அடுத்த வருடம் அவரையே கல்யாணம் கட்டினாள். அவர் ஓட்டிய வண்டியில் மட்டும் அதன் பிறகு ஏறவில்லை. தோட்டம் பழைய இரும்புகளை ஏலம் போட்டபோது அவர் அந்த மெஸியை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். அவள் சுற்றிவந்து பார்த்தாள். "ஓ, இவரா" என்றாள். அவ்வளவுதான்.

"ஏறுறேன்" என்றாள் நவநாளின் அந்த ஞாயிறு மாலையில். "மொதல்ல அது நிக்கணும். நீங்க நிக்குதுன்னு சொன்னா பத்தாது. நான் கண்ணால பாக்கணும்."

*

புதன்கிழமை மத்தியாஸ் நான்கு சூக்களையும் உரப்பையில் போட்டுக்கொண்டு பேராதனை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து கண்டிக்குப் போனார். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் மஹ்மூத் பழைய லைனரைத் தட்டியெடுத்துப் புதியது அறைந்து கொடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சூக்களைப் பையிலிருந்து கொட்டிப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"அல்லாஹ்வே, இது எங்கட வாப்பாட காலத்துச் சாமானல்லவா. எங்க அண்ணன் தோண்டி எடுத்தீங்க?"

"வீட்ல நிக்குது தம்பி. ஓடுது."

"ஓடுறது பெரிசில்ல. நிக்கணுமே."

"எங்க வீட்டம்மாவும் அதையேதான் சொல்றாங்க."

மஹ்மூத் பழைய ஆணிகளைத் துளைத்து எடுத்தார். இரும்பைத் தேய்த்துக் கழுவினார். புது லைனரை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு ஆணியாக அறைந்தார். மத்தியாஸ் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மஹ்மூத் நான்கையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றினார்.

"அண்ணன், இதுல எண்ண படப்படாது. கையில ஈக்கிற வேர்வகூட வேணாம். பட்டுச்சோ, அது பொறகு லைனரில்ல. சவர்க்காரம்."

பக்கத்துக் கடையில் அச்சுக்கு இரண்டு புது சீலும் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் பொதியை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பெண் வடை தின்னத் தொடங்கியதும் எழுந்து நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து எங்கே வைப்பதென்று தேடினார். குசினி கூடாது. கட்டிலுக்கடியில் மண்ணெண்ணெய்ப் போத்தல். அலுமாரி மேல் அவளுடைய முழங்கால் தைலம். சுவரில் மாதா படத்துக்குக் கீழேயிருந்த பலகைதான் துப்புரவாக இருந்தது. மெழுகுதிரியைத் தள்ளி வைத்துவிட்டு நான்கு பொதியையும் வரிசையாக அங்கே வைத்தார். டொரதி வந்து பார்த்து, தள்ளிய மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை முழுவதும் சீல் மாற்றுவதிலேயே போயிற்று. அச்சை இழுத்தெடுத்து, பழைய சீலைக் கொத்தி நீக்கி, புதியதைக் கோணாமல் தட்டி இறக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் மறுபடி கசியும். கை முன்போல இல்லை. மாலைக்குள் வலது பக்கத்துச் சூ இரண்டையும் மாட்டி டிரம்மைப் போட்டார். இடது பக்கத்துக்கு வெளிச்சம் போதவில்லை. வேர்வை படாமல் லைனர் முதுகைச் செய்தித்தாளோடே பிடித்து மாட்டி, அதை வெள்ளிக்கிழமை காலையில் முடித்தார். சக்கரங்களை நெம்புகோல் கொடுத்து உருட்டி ஏற்றினார்.

டிரக்டருக்கு இடதும் வலதுமாக இரண்டு பிரேக் பெடல். வயலில் திருப்புவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் மிதிக்கலாம். ரோட்டில் இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். மத்தியாஸ் கொக்கியை மாட்டி, இஞ்சினைத் தட்டி எழுப்பினார். முற்றம் முழுக்கக் கரும்புகை. டொரதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு மேலே பாதை சரிந்து வரும் இடத்துக்குப் போய், இறங்கி வந்து, முற்றத்து முனையில் மிதித்தார்.

வண்டி நின்றது. ஆனால் நேராக நிற்கவில்லை. வலது சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ள, இடது சக்கரம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருந்தது. மூக்கு வலப்புறம் திரும்பி, துணிக் கொடிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுத்தான் அடங்கிற்று. கொடியில் ஒரே ஒரு துணிதான் கிடந்தது. திருநாளுக்காகத் துவைத்துப் போட்டிருந்த வெள்ளைச் சேலை. அது சேற்றில் கிடந்தது.

மத்தியாஸ் திட்டு விழுமென்று காத்திருந்தார். முப்பத்தெட்டு வருடத்துத் திட்டு.

"பரவால்ல விடுங்க" என்றாள் டொரதி. "மாதாவுக்கு நான் வாறது இஷ்டமில்ல போல."

அவர் இறங்கிப் போய்ச் சேலையை எடுத்தார். கையில் கிரீஸ் இருந்தது நினைவுக்கு வந்து மறுபடி கீழே போட்டார்.

*

அன்றிரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. சீல்தான் கசிந்திருக்க வேண்டும். கோணலாக இறக்கியிருப்பேன். அறுபத்துநாலு வயதில் எதற்கு இந்த வீம்பு.

சனிக்கிழமை விடிந்ததும் இடது சக்கரத்தைக் கழற்றினார். டிரம் இந்தத் தடவை மறுப்பில்லாமல் வந்தது. முதலில் சீலைத்தான் பார்த்தார். விரலைச் சுற்றி ஓட்டினார். காய்ந்து கிடந்தது. மறுபடி ஓட்டினார். ஒரு சொட்டு இல்லை.

பிறகு லைனரைப் பார்த்தார்.

மேல் சூவின் நடுவில், கட்டைவிரல் அகலத்தில், கறுப்பாக ஒரு சிலுவை. ஓரமெல்லாம் தேய்ந்து பரவியிருந்தாலும் வடிவம் தெரிந்தது. கீழ்ச் சூவிலும் ஒன்று. அதில் எண்ணெய் கொஞ்சம் தாராளம்.

குனிந்து முகர்ந்தார். அழுகிய முட்டை இல்லை. தேங்காயெண்ணெயும் அதற்குள்ளே ஏதோ பூ வாசமும். போன வருடம் பக்கத்து வீட்டார் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தபோது கொண்டுவந்து கொடுத்த மந்திரித்த எண்ணெய். அந்தச் சின்னப் போத்தல் மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அந்தப் பலகையில் எது வந்தாலும் டொரதி ஒரு சிலுவை போடாமல் விடமாட்டாள். தேசிய அடையாள அட்டைக்குப் போட்டிருக்கிறாள். புது குக்கருக்குப் போட்டிருக்கிறாள். வியாழன் மாலை ஜெபமாலை சொல்லும்போது பலகையில் எஞ்சியிருந்தவை இடது பக்கத்துச் சூ இரண்டுந்தான்.

மத்தியாஸ் மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார். சிரிப்பு வந்தது, பிறகு போயிற்று. மஹ்மூத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, லைனர்ல கொஞ்சம் எண்ண பட்ருச்சு."

"சொன்னேன்தானே அண்ணன். சீலா?"

"சீல் இல்ல." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சாமி எண்ண. வீட்ல சிலுவ போட்டுட்டாங்க."

மறுபக்கத்தில் மஹ்மூத் இருமுவது போலக் கேட்டது.

"பயப்புடாதீங்க. எங்கட உம்மா ஓதின தண்ணிய வேன்ட பெட்டரிக்கு ஊத்தின. மூணு நாள் தள்ளித் திரிஞ்சோம். இண்டைக்கும் உம்மாக்குத் தெரியாது." குரல் மாறிற்று. "ஆழமா எறங்கீக்கா?"

"மேலாப்புலதான்."

"அப்ப பெட்ரோல்ல நல்லாக் கழுவி வெயில்ல வைங்க. காஞ்ச பொறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, புது நெறம் வாற வரைக்கும். திரும்பியும் கழுவுங்க. சரியாகும். ஊட்டுல ஒண்டும் சொல்லிக்காதீங்க, பாவம்."

சொல்வதில்லை என்றுதான் அவரும் நினைத்தார். சூக்களைக் கழற்றி, கழுவத் தகரத்தில் பெட்ரோலை ஊற்றினார். அப்போது உள்ளேயிருந்து அவள் ஃபோனில் பேசுவது கேட்டது.

"இல்ல டீச்சர், நாளைக்கு நான் வரல்ல. நீங்களே ஆரம்பிங்க. கொஞ்சம் கீழ எடுங்க, போதும்... இல்லல்ல, காலு இல்ல. காலு எப்பவும் உள்ளதுதான். என்னமோ தடங்கலாவே இருக்கு. சேல சேத்துல விழுந்துச்சு. அதெல்லாம் சும்மா நடக்காது டீச்சர்."

மத்தியாஸ் ஒரு சூவைச் செய்தித்தாளில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் ஃபோனை வைக்கும்வரை நின்றார். பிறகு அதை அவள் மடியில் வைத்தார்.

"என்னா இது?"

"பாரு."

பார்த்தாள். சிலுவையைக் கண்டதும் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. "நாலுக்கும் போடணும்னு நெனச்சேன்" என்றாள். "போய்ப் பாத்தா ரெண்டுதான் இருந்துச்சு. நீங்க அதுக்குள்ள மாட்டிட்டீங்க."

"நல்ல வேள."

"என்னா நல்ல வேள?"

"டொரதி, இதுல எண்ண படக்கூடாது. இது ஒரச வேண்டிய சாமான். எண்ண பட்டா வழுக்கும். நேத்து வலப்பக்கம் திரும்புனது அதுனாலதான். நீ போடாத பக்கம் புடிச்சுச்சு, போட்ட பக்கம் புடிக்கல."

அவள் லைனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் இரத்தம் ஏறுவது தெரிந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்ரோல் நாறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மாதாவுக்கு இஷ்டமில்லாம இல்ல" என்றார். "எண்ணதான்."

"மண்டையில மசாலா இருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பேன்." செய்தித்தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பயமா இருந்துச்சு. ஏறுறேன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு மாதிரி ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. உங்களுக்கும் வயசாகுது. அதான் போட்டேன்."

"தெரியும்."

"தெரியும்னா ஏன் பலகையில வச்சீங்க?"

மத்தியாஸ் பலகையைத் திரும்பிப் பார்த்தார். டொரதி மூக்கைச் சிந்தினாள். லைனரைத் திரும்ப நீட்டப் போனவள், எதையோ நினைத்து நிறுத்தினாள்.

"சிலுவய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போறீங்களா?"

"தேய்க்கணும்."

"சாமி குத்தமில்லயா?"

அவரும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுத் தேய்க்கிறேன்."

"ரெண்டு சொல்லுங்க. ரெண்டு சிலுவ." பிறகு கேட்டாள்: "அந்த வண்டியில எண்ண படலாம்ங்கிற எடம் ஒன்னும் இல்லயா?"

மத்தியாஸ் யோசித்தார். "பெடல் திரும்புற முட்டு இருக்கு. அது வறண்டு போயித்தான் கெடக்குது. அங்க எண்ண வேணும்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்தாள். ஒரு கையில் கம்பும் ஒரு கையில் போத்தலுமாக வாசற்படியில் முதலில் வலி கூடின காலை, பிறகு மற்றக் காலை இறக்கி, முற்றத்தைக் கடந்தாள். பதினேழு அடி தூரம். மத்தியாஸ் பின்னாலேயே போனார், பிடிக்கவில்லை. பெடல் தொங்கும் முட்டு இருக்கும் இடத்தை அவர் விரலால் காட்டினார். அவள் இடதுக்கு ஒரு சொட்டு விட்டாள். வலதுக்கு ஒரு சொட்டு விட்டாள். போத்தலின் வாயைப் பெருவிரலால் துடைத்து, அந்த விரலை அவர் நெற்றியில் தேய்த்தாள்.

"போங்க. வேலையப் பாருங்க."

கழுவிக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட ஒரு மணி நேரமாயிற்று. கறுப்பு போய் மண்நிறம் வந்தது. மறுபடி கழுவி, வெயிலில் வைத்து, காய்ந்ததும் மாட்டினார். டிரம்மின் துளை வழியாகத் திருகியைச் செலுத்தி, சூக்கள் இறுகும்வரை பல்சக்கரத்தைத் திருப்பி, பிறகு வலதில் எத்தனை பல் தளர்த்தினாரோ அதே கணக்குக்கு இடதிலும் தளர்த்தினார். பிற்பகல் மூன்று மணிக்கு இஞ்சின் மறுபடி எழுந்தது.

டொரதி கதிரையில் உட்கார மறுத்து, கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். வண்டி சரிவில் இறங்கி வந்து நின்றது. ஈர மண்ணில் இரண்டு சக்கரமும் இழுத்த தடம்.

"இன்னொருக்கா" என்றாள்.

இன்னொரு தரம் வந்து நின்றது.

"இன்னொருக்கா. வேகமா வாங்க."

மூன்றாவது தடவை அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கியபோது, அவள் தடத்துக்குப் பக்கத்தில் போயிருந்தாள். ஈர்க்கு ஒன்றை முறித்து எடுத்து, அவரிடம் நீட்டினாள். அவர் குந்தி உட்கார்ந்து இடது தடத்தை அளந்தார். அதையே வலது தடத்தில் வைத்தார். ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை.

டொரதி இரண்டு தடத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"சேலைய இன்னொருக்கா அலசணும்" என்றாள். "இப்பப் போட்டாத்தான் காலைக்குள்ள காயும்."

மத்தியாஸ் கம்பத்தை நட்டுக் கொடியைக் கட்டினார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை எட்டு மணிக்கு. ஆறே முக்காலுக்குப் புறப்பட்டார்கள். டிரக்டரின் பின்னால், ஹைட்ரோலிக் கைகளில், சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டியை மாட்டி அதில் ஒரு கதிரையைக் கயிற்றால் கட்டியிருந்தார் மத்தியாஸ். பெட்டியைத் தரைமட்டும் இறக்கினார். டொரதி கால் தூக்காமல் நடந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். பெட்டி மேலே எழுந்தது. முதல் கியரில் இறங்கினார்கள். சேலையின் ஓரம் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

வழியில் மூன்று இடத்தில் நின்றார்கள். பாதை அரிபட்ட இடத்தில் ஒரு தரம், மாடு ஒன்று குறுக்கே நின்றதால் ஒரு தரம், ரோட்டில் ஏறுமுன் பஸ்ஸுக்காக ஒரு தரம். மூன்று தடவையும் வண்டி நேராக நின்றது. ஏழே காலுக்குக் கோயில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மத்தியாஸ் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

வருகைப் பாட்டைக் கிருஷாந்தி டீச்சர் எடுத்தார். காணிக்கைப் பாட்டை டொரதி எடுத்தாள். மாதா சுரூபம் ஊர்வலமாகச் சுற்றி வரும்போது அவள் போகவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்தாள். பூசைக்குப் பிறகு பலர் வந்து கையைப் பிடித்துப் பேசினார்கள். சிலர் டிரக்டரைப் பார்த்துவிட்டு மத்தியாஸிடம் எத்தனையாம் ஆண்டு வண்டி என்று கேட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்குத் திரும்பினார்கள். கோயிலில் கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். டொரதி முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு படுத்தாள். அடுத்த தரம் இறங்க வேண்டியது எப்போது என்று, முழங்கால் கிளினிக் அட்டையில் போட்டிருக்கும் திகதியைக் கேட்டாள். மத்தியாஸ் எடுத்துப் பார்த்துச் சொன்னார். அடுத்த மாதம் ஆறாம் திகதி. நாலு மணிக்கு மழை வந்தது. அவர் போய் வண்டியின் மேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துவிட்டு வந்தார்.